உள்ளங்கையளவு வெள்ளை

பல்செட்காரர் விமானம் கட்டினார் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், நான் எங்கும் போகப்போவதில்லை. முதலில் அவரும் சிரிக்கத்தான் செய்தார். உயரம் என்றாலே அவருக்கு ஆகாது. பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறினால்கூடக் கால் வெடவெடவென்று ஆடும். பறக்க ஆசைப்பட்டது அவர் இல்லை, அவர் மனைவி.

அந்தம்மா இருபத்திரண்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். தெருவில் பஸ்காரம்மா என்றால்தான் தெரியும். ஒரே தடம், முப்பத்தொரு நிறுத்தம். நின்று நின்று போய் அலுத்துவிட்டது. நிறுத்தமே இல்லாத வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஐம்பது வயதில் பறக்கும் பள்ளியில் சேர்ந்தார், பரீட்சை எழுதினார், லைசென்ஸும் வாங்கினார். லைசென்ஸ் வந்துவிட்டது, விமானத்துக்கு எங்கே போவது?

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரைபடப் புத்தகத்தை வைத்தார்.

“ஏங்க, இதை வீட்டுலயே செய்யலாமாம். ஃபோமை இறக்கை மாதிரி வெட்டி, மேல கண்ணாடி இழைத் துணியைப் போட்டு, ரெசின்னு ஒரு பசையைத் தடவணும். அவ்வளவுதான்.”

“நான் பல்லு பண்றவன்ம்மா.”

“பல்லையே அவ்வளவு நுணுக்கமா பண்றீங்க. இது பெரிசுதானே, சுலபமா இருக்கும்.”

மனைவி இப்படிச் சொன்னபிறகு எந்தப் புருஷன் மறுப்பான்? சாப்பாட்டு மேசை வெளியே போனது, விமானத்தின் உடம்பு உள்ளே வந்தது. இரண்டு வருடம் இருவரும் அதன் வாலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாடித் தூசி சட்டைக் காலரில் புகுந்து அரிக்கும். தலையணையிலும் அரிக்கும். பல் கட்ட வந்தவர்கள்கூட உட்கார்ந்த இடத்தில் சொறிந்துகொண்டார்கள்.

இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். கண்ணாடி இழைத் துணி பார்க்க வெள்ளையாக இருக்கும். ரெசின் ஊறினால் நனைந்த சட்டைபோல உள்ளே இருப்பது தெரியும். எங்காவது ரெசின் ஊறாமல் போனால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை என்றால் உள்ளே காற்று. காற்று இருக்கும் இடத்தில் பலம் இல்லை. பாரம் ஏறினால் பசை தடவாமல் ஒட்டிய காகிதம் மாதிரி துணி பிரிந்துவிடும். விமானத்துக்குப் பாரம் ஏறுவது வானத்தில். பிரிந்தால் அங்கேதான் பிரியும்.

ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டால் கையில் இருபது நிமிடம். அதற்குமேல் கல்.

இங்கேதான் துறை வருகிறது. முழுப் பெயர் சொந்தத் தயாரிப்பு வானூர்தி ஒழுங்குத் துறை. விமானத்தின் உடம்பை அவர்கள் பார்ப்பதில்லை. “உடம்பு பறக்கறது இல்லைங்க, இறக்கைதான் பறக்குது, உடம்பு கூடப் போகுது, அவ்வளவுதான்” என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இறக்கையிலும் வலது இறக்கையைப் பார்த்தால் போதும். இடது இறக்கை அதன் கண்ணாடிப் பிம்பம் என்பதால் தானாகவே தேறிவிடும். ஆனால் அந்த வலது இறக்கை விஷயத்தில் துறை மகா கறார். விதி நாற்பத்தொன்று சொல்கிறது: ஒவ்வோர் அடுக்கும் ஈரமாக இருக்கும்போதே ஓர் அதிகாரியின் கண்ணால் காணப்பட வேண்டும். கண்டபின் மூன்று பிரதிகளில் ‘ஈரம் காணப்பட்டது’ என்று எழுதி முத்திரை குத்த வேண்டும்.

நல்ல விதிதானே என்று பல்செட்காரரும் நினைத்தார். அப்பாவி மனுஷன். ரெசினைக் கப்பில் கலந்து வைத்துக்கொண்டு துறைக்குப் போன் போட்டார்.

“கலந்துட்டேங்க. வந்து பாருங்க.”

“வரிசை எண் போட்டுக்கறோம். அப்படியே வச்சிருங்க.”

மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒல்லி மனிதர். கப்புக்குள் ரெசின் முதல் நாளே சூடேறி, புகைந்து, கப்பையும் உருக்கிக்கொண்டு கல்லாகியிருந்தது. அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: ‘கலவை காத்திருக்கத் தவறியது.’

“சார், அது இருபது நிமிஷத்துல இறுகிடும் சார்.”

“யார் சொன்னது?”

“டப்பா மேலயே போட்டிருக்கு சார்.”

“டப்பா எங்க துறைக்குக் கீழ வராது” என்றார் கண்காணிப்பாளர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாற்று வழி ஒன்றும் துறையிடம் இருந்தது. அதிகாரி ஈரத்திடம் வர முடியாவிட்டால் ஈரம் அதிகாரியிடம் வரலாம். அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ‘ஈரக் கூடம்’ என்று ஒரு பெரிய அறை. பல்செட்காரர் பன்னிரண்டு அடி ஃபோம் இறக்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மாடிப்படித் திருப்பத்தில் இறக்கை திரும்பவில்லை. ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இழுக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் உள்ளேயிருந்து கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க! தரையை விட்டுக் கிளம்பிடுச்சு. அப்ப அது பறக்குது. பறக்கணும்னா அனுமதி வேணும்.”

“அனுமதி எப்ப சார் கிடைக்கும்?”

“ஈரம் பார்த்த பிறகு.”

“ஈரம் எங்க சார் பார்ப்பீங்க?”

“மேலதான்.”

பல்செட்காரர் திருதிருவென்று விழித்தார். இறக்கை அந்தரத்தில் தொங்கியது, கயிறு பிடித்தவர்கள் முக்கினார்கள். கடைசியில் பதிவேட்டில் ‘நீளமான மேசை, ஒன்று’ என்று எழுதி மேலே ஏற்றினார்கள். மேசை பறந்தால் துறைக்கு ஆட்சேபணை இல்லை.

ஈரக் கூடத்தில் வேலை நன்றாகத்தான் தொடங்கியது. பஸ்காரம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, காக்கிச் சீருடையோடேயே வந்து கதவோரம் நின்றார். பல்செட்காரர் துணியை விரித்தார், ரெசினை ஊற்றினார், ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தார். வெள்ளைத் துணி சொல்வதைக் கேட்டு மறைந்துகொண்டே வந்தது. அப்படி மூன்று அடுக்கு, மூன்று முத்திரை. நாலாவது அடுக்கில் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. அது இறக்கை உடம்போடு சேரும் மூட்டு. பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். கடைசிக் கப்பைக் கலந்து கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்தா இயக்குநர் கூடத்துக்குள் நுழைய வேண்டும்!

இயக்குநர் நுழைந்தால் எல்லோரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். விதி ஏழு. இயக்குநர் பேசவும் செய்வார். அது விதி இல்லை, வழக்கம்.

“நண்பர்களே,” என்று அவர் தொடங்கினார். “இந்தத் துறை ஆரம்பிச்சு இன்னையோட பத்தொன்பது வருஷம். இந்தப் பத்தொன்பது வருஷத்துல நாங்க அனுமதிச்ச ஒரு விமானம்கூட விழுந்ததில்ல. ஏன்னு கேளுங்க. நாங்க இதுவரைக்கும் ஒரு விமானத்தைக்கூட அனுமதிச்சதில்ல. இந்தச் சாதனை வேற எந்தத் துறைக்கு இருக்கு?”

கைதட்டினார்கள். பல்செட்காரரும் தட்டப் போனார், கப் தடுத்தது. கையுறைக்கு மேலேயே சூடு தெரிந்தது.

“அவசரம் ஒரு நோய்,” என்றார் இயக்குநர். “பொதுமக்கள் எப்பப் பார்த்தாலும் காயுது, இறுகுதுன்னு அவசரப்படறாங்க. நாங்க இறுகறதில்ல. இந்த நாற்காலியில நான் பதினோரு வருஷமா இருக்கேன். என்னைக்காவது நான் இறுகி யாராவது பார்த்திருக்கீங்களா?”

ஒருவரும் பார்த்ததில்லை. அவர் பேசி முடிக்கப் பதினேழு நிமிடம் ஆனது. கப்பைச் சாய்த்தால் ரெசின் பாகுபோல நூல் நூலாக இறங்கியது. பல்செட்காரர் தேய்த்தார், அழுத்தினார், வழித்தார். துணி குடிக்கவில்லை. மூட்டின் நட்டநடுவே, உள்ளங்கையளவு இடம் வெள்ளையாகவே நின்றது.

கண்காணிப்பாளர் படிவத்தோடு வந்தார். “குறை ஏதாவது உண்டா?”

உண்டு என்றால் என்ன ஆகும் என்பது படிவத்திலேயே அச்சாகியிருந்தது: முதல் விண்ணப்பத்திலிருந்து தொடங்க வேண்டும், காத்திருப்புப் பட்டியல் பதினான்கு மாதம். பல்செட்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். பஸ்காரம்மா அங்கிருந்தே கண்ணால், ‘சரியாங்க?’ என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லைங்க” என்றார் பல்செட்காரர், இருவருக்கும் சேர்த்து. சொல்லும்போது உள்ளங்கையை அந்த வெள்ளையின்மேல் வைத்திருந்தார். பிறகு கையை எடுத்தார், கையுறை அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் கடைசிப் பார்வை. அதற்குத் துறையிடம் ஒரு நிறஅட்டை உண்டு. அட்டையின் நிறமும் இறக்கையின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். வெள்ளை தெரிந்தால் தீர்ந்தது. பல்செட்காரர் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தன் தொழில்பெட்டியோடு கூடத்துக்குள் போய், ஒட்டியிருந்த கையுறையைப் பிய்த்தெடுத்தார். அவர் முப்பது வருடமாகச் செய்யும் வேலை என்ன? பொய்ப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்ப்பது. ஈறுக்கு ஒரு சாயல், பல்லின் நுனிக்கு ஒரு சாயல், வெற்றிலை போடுகிறவருக்கு ஒன்று, போடாதவருக்கு ஒன்று. கொண்டுபோன ரெசினில் துளி மஞ்சள், துளிக்கும் குறைவாகப் பழுப்பு கலந்து, அணில்வால் தூரிகையால் அந்த வெள்ளைமேல் ஒற்றியெடுத்தார். பத்து நிமிடத்தில் வெள்ளை காணாமல் போனது. உள்ளே காற்று அப்படியே இருந்தது.

வாயில் பொய்ப் பல் வைப்பது வேறு. வைத்துக்கொள்கிறவருக்கு அது பொய் என்று தெரியும். இந்த வித்தியாசம் பல்செட்காரருக்கும் தெரிந்தேதான் இருந்தது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, முகம் மட்டும் தீப்பட்டதுபோல எரிந்தது.

கண்காணிப்பாளர் நிறஅட்டையை இறக்கை நெடுக வைத்துக்கொண்டே வந்தார். மூட்டுக்கு வந்ததும் நின்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்.

“என்ன வேலை சார் இது!” என்று கண்காணிப்பாளர் பூரித்துப்போனார். “பத்தொன்பது வருஷத்துல இந்த அட்டையோட இவ்வளவு பொருந்தி நான் பார்த்ததே இல்ல. மத்த இடமெல்லாம் பரவாயில்லைன்னு சொல்லலாம். இந்த இடம்தான் இடம்.”

முத்திரையை அந்த இடத்திலேயே குத்தினார். ‘ஈரம் காணப்பட்டது.’ முத்திரை விழுந்த இடத்தைச் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, மூடக் கூடாது. விதி அறுபது.

வீட்டுக்கு வந்த இறக்கையைப் பஸ்காரம்மா தினமும் ஒருமுறை தடவிக் கொடுத்தார். எந்த இடத்தை என்று கேட்கிறீர்களா? வேறு எந்த இடம்? முத்திரை இருக்கும் இடத்தைத்தான்.

“டிப்போவுல எல்லாரும் கேக்கறாங்க, உனக்குப் பயமா இல்லையான்னு. என் வீட்டுக்காரர் கை பட்டதுல ஏறப்போறேன், எனக்கென்னடி பயம்னு சொல்லிட்டேன்.”

“அது வந்து…” என்றார் பல்செட்காரர்.

“என்னங்க?”

“உப்பு கொஞ்சம் கம்மி.”

பஸ்காரம்மா எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தார். இப்படி மூன்று தடவை ‘அது வந்து’ என்று தொடங்கி மூன்று தடவையும் மென்று முழுங்கினார். நாலாவது நாள் அந்த வீட்டில் எல்லாவற்றிலும் உப்பு கரித்தது. அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டார், தகும் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி வேலைக்குப் போனபின் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து இறக்கையைத் தட்டுவார். ரெசின் நன்றாக ஊறிய இடம் ‘டங்’ என்னும். காற்று இருந்தால் ‘டொக்’ என்னும். டங், டங், டங், முத்திரையின்மேல் டொக். இன்றைக்காவது டங் என்று வந்துவிடாதா என்று தினமும் தட்டினார். வெட்கங்கெட்ட ஆசை. எங்கிருந்து வரும்?

முதல் பறத்தலுக்குத் துறை தேதி குறித்து அனுப்பியதும் அவரால் தாங்க முடியவில்லை. மனைவியிடம் சொல்லத்தான் துணிச்சல் இல்லை, துறையிடமாவது சொல்லுவோம், அவர்களே முத்திரையை ரத்து செய்யட்டும் என்று கிளம்பினார். என்ன ஒரு வீரம் பாருங்கள்.

“நான் தப்புப் பண்ணிட்டேங்க” என்றார் கண்காணிப்பாளரிடம்.

“அதுக்குப் படிவம் இல்லையே. அடுத்தவங்க தப்புக்குத்தான் புகார்ப் படிவம் இருக்கு.”

“சரி, அதையே கொடுங்க.”

புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் தன்னை எழுதினார். யார்மீது என்ற இடத்திலும் தன்னையே எழுதினார். ஒரு வாரத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. இரண்டு கடிதம், இரண்டு உறை. இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிரே இடப் பக்கம் ஒரு நாற்காலி, வலப் பக்கம் ஒரு நாற்காலி.

“புகார் கொடுத்தவர் இடப் பக்கம் உட்காரலாம்.”

பல்செட்காரர் உட்கார்ந்தார். உள்ளே வெள்ளை இருப்பதையும் அதன்மேல் நிறம் சேர்த்ததையும் காசு எழுப்பும் சத்தத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் முட்டியது.

“குற்றம் சாட்டப்பட்டவர் வலப் பக்கம் வரலாம்.”

எழுந்து வலப் பக்கம் போனார்.

“இந்த ஆள் சொல்றதைக் கேட்டீங்களா? என்ன சொல்றீங்க?”

“அவர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மைங்க.”

இயக்குநரின் முகம் கனிந்தது. “பாத்தீங்களா?” என்றார் கண்காணிப்பாளரிடம். “தன்மேல இப்படி ஒரு பழி போடறாங்க, இந்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எப்பேர்ப்பட்ட குணம்!”

“காசு வச்சுத் தட்டினா உங்களுக்கே கேக்கும் சார்” என்றார் பல்செட்காரர், எந்த நாற்காலியிலிருந்து பேசுவது என்று தெரியாமல் நின்றுகொண்டே.

“கேக்கறதா? விதியில ‘கண்ணால் காணப்பட வேண்டும்’னுதான் இருக்கு. காது எங்க துறைக்குக் கீழ வராது. எங்க கண்ணு பார்த்து முத்திரை குத்தியிருக்கு. முத்திரைக்குக் கீழ குறை இருந்தா அது முத்திரையோட குறை. எங்க முத்திரைக்குக் குறை கிடையாது. ஆகவே அங்க குறை கிடையாது.”

தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது. புகார் கொடுத்தவர் பொறாமையால் புகார் கொடுத்திருக்கிறார், கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுமையைத் துறை பாராட்டுகிறது; அவருடைய இறக்கை ‘மாதிரி இறக்கை’ என்று அறிவிக்கப்படுகிறது. எச்சரிக்கை ஓர் உறையிலும் பாராட்டு இன்னோர் உறையிலும் வந்தன. பஸ்காரம்மா கையில் கிடைத்தது பாராட்டு. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். எச்சரிக்கை பல்செட்காரரின் தொழில்பெட்டியில், பொய்ப் பற்களுக்கு அடியில் கிடந்தது.

அந்த நாளும் வந்தது. ஊருக்கு வெளியே புல் வெட்டிய ஓடுதளம், நாலு வரிசை நாற்காலி, ஒரு மைக். விமானத்தின் மூக்கில் ரிப்பன். பஸ்காரம்மா காக்கியில்தான் வந்திருந்தார், அதுதான் ராசி என்றார். ஏறுமுன் முத்திரையை ஒருமுறை தடவினார்.

“எல்லாம் சரியாங்க?”

பல்செட்காரர் மண்டையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டு. நானே சொல்கிறேன், இதைவிடக் கேவலமான தலையாட்டலை நான் கேள்விப்பட்டதில்லை. அந்தம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, பெல்ட்டை மாட்டினார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “இந்த விமானத்தை யார் கட்டினாங்கன்னு கேக்கறாங்க. ஒருத்தர் ஃபோமை வெட்டியிருக்கலாம், ஒருத்தர் துணியைப் போட்டிருக்கலாம். ஆனா முத்திரை குத்தினது யாரு? இது மேல போய் நல்லபடியா இறங்கினா அது துறையோட வெற்றி. அப்படி இறங்கலைன்னா, நண்பர்களே, ஓட்டறவங்களுக்குன்னு தனியா ஒரு துறை இருக்கு. அவங்க பார்த்துப்பாங்க.”

கைதட்டல். அதில்தான் பல்செட்காரருக்கு என்னவோ அறுந்தது. நடந்துபோய் இயக்குநரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கினார் என்று துறையின் அறிக்கை சொல்கிறது. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்தார், இறக்கைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்தபடி நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங். டங். டங். டங். ஒலிபெருக்கியில் மைதானம் முழுவதும் கேட்டது. முத்திரைமேல் தட்டினார்.

டொக்.

கூட்டம் மறுபடி கைதட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் தாளம் போட்டார். ஆனால் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய காது ஒன்று அங்கே இருந்தது. ஒரு போல்ட் தளர்ந்தால் மூன்றாம் நிறுத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது. பஸ்காரம்மா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். காசை வாங்கித் தானே தட்டினார். டங். டொக். இன்னொரு தடவை. டொக்.

“இது எப்பத்திலேருந்து தெரியும்?”

“முதல் நாளே” என்றார் பல்செட்காரர். மைக் கையிலேயே இருந்தது. நாலு வரிசைக்கும் கேட்டது.

“ஒரு மாசமா தினம் இதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க.”

பல்செட்காரர் பையிலிருந்த மெழுகு சுரண்டும் கத்தியை எடுத்து முத்திரையின் நடுவே குத்தி ஒரு கீறு கீறினார். மேல்தோல் சட்டென்று பிரிந்து எழுந்தது. உள்ளே துணி புதுசாக, பொடிப்பொடியாக, வெள்ளைவெளேரென்று இருந்தது. அதைப் பார்த்த பஸ்காரம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

“முத்திரையைக் கிழிச்சிட்டான்!” என்று இயக்குநர் மட்டும் அலறினார்.

விமானத்தை லாரியில் ஏற்றிப் பஸ்காரம்மாதான் வீட்டுக்கு ஓட்டிவந்தார். திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் சுவரில் இருந்த பாராட்டைக் கழற்றி, அலமாரியில் வைத்தார், எழுத்து உள்பக்கம் போகும்படி.

மூட்டுப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் துணி போட்டார்கள். அவர் தடவினார், அந்தம்மா கப் கலந்து கொடுத்தார். துறை இல்லை, பேச்சு இல்லை, இருபது நிமிடம் இருபது நிமிடமாகவே இருந்தது. கையோடு இடது இறக்கையையும் அந்தம்மா தட்டிப் பார்த்தார். அது மட்டும் நுனிமுதல் அடிவரை டங் என்றது. யாரும் பார்க்காத இறக்கை அது.

பத்து நாள் கழித்துத் துறையின் கடிதம் வந்தது. பஸ்காரம்மா சத்தமாகப் படித்தார்:

‘அனுமதிக்கப்பட்ட மாதிரி இறக்கை தன்னிச்சையாக மாற்றப்பட்டுள்ளது. மைதானத்தில் கண்ணால் காணப்பட்டபடி, முத்திரையிடப்பட்ட இடத்தில் இருந்தது: உள்ளங்கையளவு, வெள்ளை, உலர்ந்தது. இறக்கையை மேற்படி அனுமதிக்கப்பட்ட நிலைக்கே மீண்டும் கொண்டுவந்தால் ஒழிய பறக்க அனுமதி இல்லை. கண்காணிப்பாளர் நேரில் வந்து வெள்ளையைச் சரிபார்ப்பார்.’

படித்து முடித்ததும் பஸ்காரம்மா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. “பறக்கணும்னா ஓட்டை வேணுமாம்ங்க!” பல்செட்காரரும் கூடச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“கண்ணால பார்க்கறது தானே,” என்றார் பஸ்காரம்மா. “மேலாப்புல வரைஞ்சுடுங்க. உங்களுக்குத்தான் வருமே.”

அவர் தொழில்பெட்டியைத் திறந்தார். நல்ல இறக்கைமேல், நல்ல மூட்டின்மேல், அதே அணில்வால் தூரிகையால் உள்ளங்கையளவு வெள்ளையை வரைந்தார். ஓரத்தில் பிசிறு, நடுவில் துணியின் பின்னல், காற்று நிற்கிற இடத்துக்கு ஒரு சாம்பல் சாயல். பஸ்காரம்மா பக்கத்திலேயே நின்று முழுவதும் பார்த்தார். ஒவ்வொரு ஒற்றுக்கும் பல்செட்காரருக்குக் கை கூசியது. முடித்தபோது அசல் குறையைவிட அது அசலாக இருந்தது.

“அம்மாடி,” என்றார் பஸ்காரம்மா. “இவ்வளவு நல்லா வருதே உங்களுக்கு.”

கண்காணிப்பாளர் வந்தார், இந்தமுறை வெள்ளை அட்டையை வைத்தார், பூரித்தார், முத்திரை குத்தினார். துறை அனுமதித்த முதல் விமானம் அடுத்த வாரம் பறந்தது. பஸ்காரம்மா ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்துவதுபோல அலுங்காமல் இறக்கினார். இயக்குநர் வெற்றிவிழா நடத்தினார். இப்போது விமானம் கட்டுகிற எல்லோரும் மூட்டில் உள்ளங்கையளவு வெள்ளை வைத்தாக வேண்டும். அது விதி அறுபத்தொன்று. வரைந்து தரச் சொல்லிப் பல்செட்காரரைத்தான் தேடி வருகிறார்கள். தட்டிப் பார்த்து டங் என்று கேட்டால்தான் அவர் தூரிகையைத் தொடுகிறார்.

பஸ்காரம்மா ஞாயிறுதோறும் பறக்கப் போகிறார். பல்செட்காரரும் கூடப் போய் ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்பார். அந்தம்மா ஏறுமுன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். முன்பென்றால் கணவர் முகத்தைப் பார்த்து, ‘எல்லாம் சரியாங்க?’ என்று கேட்டிருப்பார். அவரும் எல்லா ஞாயிறும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். இப்போது சொல்லப் போவது உண்மை, துளிக்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தம்மா கேட்பதில்லை. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து, நுனியிலிருந்து மூட்டு வரை இரண்டு இறக்கையையும் தட்டிப் பார்த்துவிட்டு, காசைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார்.